முதல் டெஸ்ட் ஆம்பிளைக்கு எடுங்க

மார்த்தாண்டம் பக்கம் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். செமன் (விந்து) டெஸ்டும் நான்தான் பார்க்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் உட்காருவது ஒரு பொம்பளை என்று தெரிந்ததும் டப்பாவை வாங்காமலே படியிறங்கிப் போன ஆட்கள் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எரிச்சல் வேறொன்றில்.

குழந்தை இல்லை என்று வருகிற ஜோடியின் ஃபைலைத் திறந்தால் பெண்ணின் பேப்பர்தான் கட்டுக்கட்டாக இருக்கும். தைராய்டு, ஹார்மோன், மாசாமாசம் முட்டை வளர்ச்சி பார்க்கிற ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பார்க்கிற டியூப் டெஸ்ட், சிலருக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பிகூட முடிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, புருஷனுக்கு ஒரு செமன் டெஸ்ட் சீட்டு. டியூப் டெஸ்ட் எடுத்தவர்களிடம் அந்த வலியைக் கேட்டுப் பாருங்கள். ஆணுக்கு இந்த டெஸ்டில் ஊசிகூடக் கிடையாது. செலவும் அந்த ஸ்கேன்களின் பக்கத்தில் வராது.

பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் ஜோடிகளில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. சில இடத்தில் அது மட்டுமே காரணம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதுதான் முறை. நம்ம ஊரில் கேட்டால், கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு சொல்வார்: "எம்மவனுக்கு என்ன கொறை மோளே, நல்லா தண்டியும் தடியுமாத்தானே இருக்கான்!"

தண்டிக்கும் தடிக்கும் கவுண்டுக்கும், அதாவது விந்தணு எண்ணிக்கைக்கும், ஒரு சம்பந்தமும் இல்லை. உண்மையில் சில தண்டிப் பயல்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஜிம்மில் யாரோ சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பான். அது டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் வகைதான். வெளியிலிருந்து அது போனால், உடம்பில் இது ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று மூளை விரைக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும். கவுண்ட் விழும், சுத்தமாகப் பூஜ்யத்துக்கும் போகும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாசக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷத்துக்கு மேலும். "ஆண்மை குறைவு" என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதிக்கொடுத்தால், பிள்ளைக்கு முயற்சி பண்ணுகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி சாம்பிள் விஷயம். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என் கைக்கு வர வேண்டும். அருமனையிலும் குலசேகரத்திலும் வீட்டில் எடுத்து, பாலிதீன் கவரில் சுற்றி, பெண்டாட்டியின் ஹேண்ட்பேக்கில் கொடுத்துவிடுகிறார்கள். பஸ் வந்து, மார்க்கெட் நெரிசல் தாண்டி இங்கே சேருவதற்குள் அணுக்களின் ஓட்டம் குறைந்துவிடும். நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? முடிந்தவரை லேபிலேயே கொடுங்கள். கடை ஆணுறையில் பிடித்துக்கொண்டு வராதீர்கள், அது அணுவைக் கொல்லும். முதல் சொட்டு சிந்திவிட்டது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அணுக்கள் மிக அதிகம் இருப்பதே அந்த முதல் பங்கில்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முகம் செத்துப்போவது எதைப் பார்த்துத் தெரியுமா? "இயல்பான வடிவம் 5 சதவீதம்." அப்போ மிச்சம் 95 கெட்டதா என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட செமன் டெஸ்ட் கையேட்டின் ஆறாவது பதிப்பில் அதன் கீழ் எல்லையே 4 சதவீதம்தான். 5 என்றால் அந்த எல்லைக்கு மேலே. அதேபோல மற்ற கீழ் எல்லைகள்: ஒரு மில்லியில் 1.6 கோடி அணு, மொத்தத்தில் 3.9 கோடி, அசைவு 42 சதவீதம். இதெல்லாம் ஒரு வருஷத்துக்குள் அப்பாவானவர்களை வரிசையாக நிறுத்தினால், அடியில் நிற்கும் நூற்றில் ஐந்து பேரின் அளவு. அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. குறைவாக வந்தால் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்காமல் யாரும் முடிவுக்கு வரக்கூடாது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வர மேலும் சில நாள். இரண்டு மாசம் முன்னால் வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய கவுண்டில் தெரியும்.

என் பெரிய சண்டை இங்கேதான். கவுண்ட் கம்மி என்றதும் அடுத்த வாரமே திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் குழந்தை) சென்டருக்கு வண்டி ஏறுகிறார்கள். நடுவில் ஒரு யூராலஜி டாக்டர் அந்த ஆளைக் கையால் தொட்டுப் பார்த்தாரா என்றால், பெரும்பாலும் இல்லை. நிற்க வைத்து விரையைத் தொட்டாலே எவ்வளவோ தெரியும். அளவு சரியா, விந்துக்குழாய் இருக்கிறதா, வெரிகோசீல் என்கிற ரத்தக்குழாய்ப் புடைப்பு உண்டா என்பதற்கு விரல் போதும். சிலருக்கு விந்துக்குழாய் பிறவியிலேயே இருக்காது. வெரிகோசீல் ஆண்களில் நூற்றில் 15 பேருக்கு இருக்கும், பிள்ளைக்காக டெஸ்டுக்கு வருகிறவர்களில் 35 பேருக்கு மேல். கைக்குத் தட்டுப்பட்டு, கவுண்டும் குறைந்திருந்தால் ஆபரேஷனில் பலருக்கு முன்னேற்றம் தெரியும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்னப் புடைப்புக்குக் கத்தி எடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

கவுண்ட் பூஜ்யம் என்றாலும் கதை முடியவில்லை. விரை அளவும், விரையைத் தூண்டுகிற எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அளவும் சரியாக இருந்தால் பாதையில் அடைப்பு இருக்கலாம், ஊசியால் உள்ளிருந்தே எடுக்க முடியும். விரை சிறுத்து எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் குரோமோசோம் டெஸ்ட் வேண்டும். அப்படிப்பட்டவர்களிலும் விரையைத் திறந்து மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது. ஒரே ஒரு அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி 1992-லேயே வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவருக்கு விந்தின் அளவே குறைந்தால் அது பின்னால் மூத்திரப்பைக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஒரு யூரின் டெஸ்ட் போதும். எழுதாமலே விட்டுவிடுகிற டெஸ்ட் இது.

துத்தநாக மாத்திரை, ஃபோலிக் ஆசிட் டப்பாக்களுக்கு மாசம் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் 2,370 ஜோடிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. பிள்ளை பிறப்பதில் வித்தியாசம் இல்லை. சிகரெட்டை விடுவதற்குக் காசு வேண்டாம். நாகராஜா கோவிலில் ஆவணி ஞாயிறு பால் ஊற்றுவதை நான் தடுக்கவில்லை, நானும் ஊற்றுகிறவள்தான். பெண்டாட்டி மட்டும் ஊற்றினால் போதும் என்கிற நினைப்புதான் பிடிக்கவில்லை.

கல்ஃப்காரர்களும் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிகளும் தனிக் கதை. கல்யாணமாகி மூன்று வருஷம், சேர்ந்து இருந்தது மூன்று மாசம், அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஊரில் பட்டம் கட்டிவிடுவார்கள். ஒரு வருஷம் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால்தான் குறை என்ற பேச்சே (பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாசம்). லீவு கிடைப்பதோ ஒரு மாசம், அணு உருவாகவோ இரண்டரை மாசம். அதனால் லீவு முடிகிற வாரத்தில் வந்து நிற்காதீர்கள், வந்திறங்கிய முதல் வாரமே வாருங்கள். அங்கேயே ஒன்று எடுத்து ரிப்போர்ட்டோடு வந்தால் இன்னும் நல்லது. ஐ.வி.எஃப். தேவைப்படும் என்று டாக்டர் சொன்னால், திரும்பிப் போகுமுன் சாம்பிளை உறைய வைத்துவிட்டுப் போகலாம். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி பதிவு செய்த இடமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேப் நடத்துகிற முதலாளிகளுக்கும் சொல்ல இருக்கிறது. ரத்தம் எடுக்க வரிசையில் நிற்கிறவர்களுக்கு நடுவே "செமன் யாருக்கு?" என்று சத்தம் போட்டால் எவன் வருவான்? பொதுக் கக்கூஸைக் காட்டிவிட்டு, வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி எடுப்பான்? உள்ளே தாழ்ப்பாள் விழுகிற ஒரு சின்ன அறை, கை கழுவத் தண்ணீர், டப்பாவை யார் கண்ணிலும் படாமல் வைக்க ஒரு ஜன்னல். இதற்கு லட்சங்கள் ஆகாது. எங்கள் லேபில் கேட்டுக்கேட்டு, போன மாசம்தான் தாழ்ப்பாள் போட்டுத் தந்தார்கள். ஜன்னல் இன்னும் வரவில்லை.