'எங்கே வெச்சிருக்கீங்க?' என்று கேட்க முடியாத 21 மாதங்கள்

ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் டீக்கடைகளிலும் ஒரு பேச்சு எழும். "எமர்ஜென்சி மாதிரி ஒண்ணு மறுபடி வந்தாத்தானுங்க இந்த நாடு உருப்படும். ரயிலு நேரத்துக்கு வந்துச்சு, ஆபீசர் நேரத்துக்கு வந்தான், ஒருத்தன் ஸ்ட்ரைக்குன்னு வாயத் தொறக்கல." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. தறி ஓட்டியும் பனியன் கம்பெனி வைத்தும் தோட்டத்தில் வெயிலில் நின்றும் மேலே வந்தவர்கள், ஒழுங்கின் அருமை தெரிந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் 'போங்க மாமா' என்று சிரித்துவிட்டு நகராமல் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் பெரியவர்களின் நினைவில் இருப்பது முழு எமர்ஜென்சி அல்ல. 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். 25ஆம் தேதி இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மந்திரிசபைக்கே மறுநாள் காலைதான் சொன்னார்கள். அப்போது சென்னையில் கலைஞர் ஆட்சி. ஜூன் 27 அன்றே தி.மு.க. செயற்குழு இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டது. வடக்கே தேடப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு ஒதுங்க இடமாக இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைத்த பிறகுதான் அதன் முழுக் கை நம் பக்கம் நீண்டது. தில்லி துர்க்மான் கேட்டில் குடியிருந்த வீடுகளை இடித்ததையோ, 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை செய்ததையோ இங்கே இருந்தவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. நேரத்துக்கு வந்த ரயிலைப் பார்த்தார்கள். அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, ஸ்ட்ரைக் இல்லை என்கிறார்களே, அதையும் பார்ப்போம். கோயமுத்தூர் மில் தொழிலாளி வீடுகளில் தீபாவளி என்றால் போனஸ். துணிமணி, கடன், பெண்பிள்ளைக்கு ஒரு பொட்டுத் தங்கம், எல்லாம் அதை நம்பித்தான். எமர்ஜென்சி வந்து மூன்றே மாதத்தில், 1975 செப்டம்பரில், குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஓர் அவசரச் சட்டத்தால் இறக்கினார்கள். எங்கள் பெரியப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். அந்த வருசம் கேட்டில் ஒரு கூட்டம்கூடப் போட முடியவில்லை என்பார். கேட்டவன் மறுநாள் வேலைக்கு வருவானா என்று தெரியாது. வராவிட்டால் எங்கே போனான் என்று கேட்கவும் ஆள் இல்லை. மில் அமைதியாக ஓடியது உண்மை. அந்த அமைதிக்கு அவர் வீட்டில் பாதிப் போனஸ் போயிற்று.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எல்லா உரிமையும் எல்லா நாளும் முழுசாக வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஊரில் கலவரம் என்றால் சில நாள் ஊர்வலம் வேண்டாம் என்பதை ஏற்கலாம். கொரோனாவில் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள், இருந்தோம். ஆனால் ஒன்றை மட்டும் ஒரு நாளுக்குக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு போன ஆளை எங்கே வைத்திருக்கிறீர்கள், எதற்காக என்று அவன் வீட்டார் ஒரு நீதிபதி முன்னால் கேட்டால், அரசு பதில் சொல்லியே தீர வேண்டும். போர் நடந்தாலும், குண்டு வெடித்தாலும் சொல்ல வேண்டும். ஆட்கொணர்வு மனு என்பது அவ்வளவுதான். எமர்ஜென்சியில் அடைத்தது இந்தக் கதவைத்தான்.

எப்படி அடைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவரின் இன்னொரு உத்தரவு: சமத்துவம், உயிர், கைதானவருக்கான பாதுகாப்பு பற்றிய அரசமைப்பின் 14, 21, 22 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு நாள் கழித்து, விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் 16ஏ என்று ஒரு திருத்தம்: ஏன் பிடித்தோம் என்று பிடிபட்டவனுக்கே சொல்ல வேண்டியதில்லை. உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. அதைக் கேட்கும் இடத்தை மட்டும் பூட்டினார்கள். மிசாவில் மட்டும் ஏறத்தாழ 35 ஆயிரம் பேர். மற்றப் பாதுகாப்பு விதிகளில் பிடித்தவர்களையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று, எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பின்னால் விசாரித்த ஷா ஆணையம் கணக்குக் கொடுத்தது.

அந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். வாளையார் தாண்டிக் கோழிக்கோடு. அங்கே பொறியியல் கல்லூரியில் கடைசி வருசம் படித்த ராஜன் என்ற பையனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் கூட்டிப்போனது. அதற்குச் சற்று முன்புதான் காயண்ணா காவல் நிலையத்தை நக்சல்கள் தாக்கியிருந்தார்கள். கக்கயத்தில் ஒரு முகாம் போட்டு, அங்கே வைத்து அடித்தார்கள். அவன் அப்பா ஈச்சர வாரியர், ஹிந்தி பேராசிரியர். முகாமுக்குப் போனார், மந்திரிகளைப் பார்த்தார், மனு மேல் மனு எழுதினார். ஒரு வருசத்துக்கு மேல் அந்த மனுசனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை முடிந்தது. அந்த வாரமே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்றது அரசு. பிடித்ததை நேரில் பார்த்தவர்கள் கூண்டேறிச் சொன்னார்கள். பையன் போலீஸ் பிடியில் இறந்துவிட்டான் என்பது வெளியே வந்தது. எமர்ஜென்சியில் உள்துறையை வைத்திருந்த கருணாகரன் அப்போதுதான் முதலமைச்சராகியிருந்தார்; பதவியேற்ற ஒரே மாதத்தில் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. உடல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. வாரியர் 2006இல் காலமானார்.

இதில் என்னைத் தூங்கவிடாத இடம் ஒன்று உண்டு. அதே அப்பா, அதே கோர்ட், அதே மனு. எமர்ஜென்சி முடிந்ததும் சில வாரங்களில் விடை வந்துவிட்டது. முந்தின மார்ச்சிலேயே அந்தக் கதவு திறந்திருந்தால் பையன் உயிரோடு கிடைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் ஆஜர்படுத்த வேண்டும் என்று தெரிந்தால், அடிக்கிற கை ஒரு நிமிசமாவது யோசிக்கும்.

ஒன்பது உயர் நீதிமன்றங்கள், எமர்ஜென்சியாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒரு கேள்வி கேட்டார்: சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவனைக் கொன்றுவிட்டால், அதற்கும் கோர்ட்டில் வழி கிடையாதா? அட்டர்னி ஜெனரல் நிரேன் டே, நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்ற பொருளில் பதில் சொன்னார். 1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி முறை அவருக்கு வர வேண்டும். அவரைத் தாண்டி இளையவரான எம்.எச்.பெக்குக்குக் கொடுத்தார்கள். கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே எழுத 2017 வரை, அந்தரங்க உரிமை வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதியவர்களில் ஒருவரான டி.ஒய்.சந்திரசூட், அன்று அரசின் பக்கம் நின்ற ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்.

தமிழ்நாட்டில் கேள்வி கேட்க வேறு வழி தேடினார்கள். ஆட்சி கலைந்த கையோடு தி.மு.க.காரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போடவும் தணிக்கை விடாது. 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்றைய முரசொலியில் ஒரு பட்டியல்: அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர். படித்தவர்களுக்குப் புரிந்தது. தன் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறார் என்பதைப் பல குடும்பங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உறுதி செய்திருக்கும். சென்னைச் சிறையில் மிசா கைதிகளை அடித்தார்கள் என்பதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னால் பதிவு செய்தது. அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஜனவரியில் இறந்துபோனார்.

இவ்வளவுக்கும் பிறகு நாம் எப்படி ஓட்டுப் போட்டோம்? 1977 மார்ச்சில் வடக்கே இந்திரா காந்தியே தோற்றார். இங்கே அவர் இருந்த கூட்டணி பெரும்பாலான தொகுதிகளை அள்ளியது. கோவையில் ஜெயித்தவர் எமர்ஜென்சியை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன். எமர்ஜென்சி கொண்டுவந்த மந்திரிசபையின் நிதியமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். பசுமைப் புரட்சிக்காக அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் ஜூன் 26 காலை அந்த மந்திரிசபையில் இருந்த யாரும், ராத்திரியே முடிந்துபோன காரியத்துக்கு எங்கள் ஒப்புதல் எதற்கு என்று எழுந்து வெளியே வரவில்லை. இதை நம் மண்ணைக் குறை சொல்ல எழுதவில்லை. எமர்ஜென்சி எங்கோ தில்லியில் நடந்தது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாம் சொல்ல முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஜனதா ஆட்சி 1978இல் 44ஆவது திருத்தம் கொண்டுவந்தது. உள்நாட்டுக் குழப்பம் என்று காரணம் சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர இனி முடியாது. ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். 21ஆம் பிரிவின் உயிருரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது. அருமையான திருத்தம். ஆனால் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது தப்பு. இப்போதைய மத்திய அரசு 2024இல் ஜூன் 25ஐ அரசமைப்புப் படுகொலை நாள் என்று அறிவித்தது. காங்கிரஸ் கோபப்பட்டது. இரண்டு தரப்பும் 1975ஐ வைத்துச் சண்டை போடுகின்றன. விசாரணையே இல்லாமல் ஒரு வருசம் வரை உள்ளே வைக்க இன்றைக்கும் வழி இருக்கிறதே, அதைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை.

மிசா போன இடத்துக்கு 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கொண்டுவந்ததைத்தான் குண்டாஸ் என்கிறோம். மிசாவில் அடிவாங்கிய கட்சி ஆட்சிக்கு வந்தும் அதை எடுக்கவில்லை, தாராளமாகவே பயன்படுத்தியது. தடுப்புக் காவலில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பது நம் மாநிலம்தான். "ரவுடியத்தானே போடறாங்க, உங்களுக்கென்னங்க?" என்பார்கள். ரவுடி என்றால் வழக்குப் போட்டு நிரூபியுங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். நானே கைதட்டுகிறேன்.

பிரகடனமே இல்லாமல் நம் கொங்கு மண்ணிலேயே எமர்ஜென்சி நடந்திருக்கிறது. சத்தியமங்கலம் காட்டில் வீரப்பனைத் தேடிய வருசங்களில் மலைக்கிராமத்து ஜனங்களைக் கொண்டுபோய் வைத்து என்ன செய்தார்கள் என்பதை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் சதாசிவா குழுவைப் போட வேண்டியிருந்தது. அதன்பேரில் 89 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்து மைசூரில் வருசக்கணக்கில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோரை 2001இல் கோர்ட்டே விடுவித்தது. வீரப்பன் யானைகளையும் மனிதர்களையும் கொன்றவன், அவனைப் பிடித்திருக்கவே வேண்டும். அதற்குத் தாளவாடி மலையில் மாடு மேய்த்தவன் என்ன செய்வான்?

1998 பிப்ரவரி 14 கோவைக்காரர் யாருக்கும் மறக்காது. 58 உயிர். அதற்கு முந்தின நவம்பரில் நடந்த கலவரத்தில் செத்த முஸ்லிம்களையும் மறக்கக் கூடாது. குண்டு வைத்தவர்களைத் தண்டித்தது சரி. ஆனால் அதே வழக்கில் கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி, தீர்ப்பே இல்லாமல் ஒன்பது வருசத்துக்கு மேல் கோவைச் சிறையில் இருந்தார். 2007இல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டார்கள். அவர் அரசியல் எனக்கு ஒத்துவராது. பிறகு அவர்மேல் பெங்களூரிலும் வழக்கு வந்தது. இருக்கட்டும். குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஒரு நாட்டுக்கு ஒன்பது வருசம் ஆனால், அதற்குள் ஒரு மனுசனின் வாழ்க்கையில் என்ன மிஞ்சும்? இதை எழுதினால் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவது என்றால், 1976இல் செய்ததும் அதுதான்.

இன்று இந்தக் கேள்வி யாருக்கு அதிகம் வேண்டும் என்று பார்த்தால், திருப்பூரிலும் பல்லடத்திலும் பெருந்துறையிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்களுக்குத்தான். ஒருவனை ராத்திரி ஜீப்பில் ஏற்றினால் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவன் அம்மாவுக்கு யார் சொல்வது? சட்டம் இருக்கிறது. கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வெளியூர் உறவினருக்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. கம்பெனி விடுதி வைத்திருக்கும் நண்பர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். "நமக்கெதுக்குங்க வம்பு" என்று உள்ளே போய்விடாதீர்கள். எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையன் போனில் இருக்கும் வீட்டு நம்பரை வேலைக்குச் சேரும்போதே வாங்கி வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. 15100க்கு அடித்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.