ஒரு வினாடிக்கு இரண்டரைக் கையெழுத்து

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: “என்னதான் சொல்லுங்க தம்பி, ஓட்டுப் போடறதைக் கத்துக் கொடுத்தவன் வெள்ளைக்காரன்தானே?” பெரியவர். அதற்குள் பாயசமும் வந்துவிட்டது. அங்கே விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வெள்ளைக்காரன் என்பதுதான் என் கேள்வி. ஓட்டுக் கேட்டவனா, கேட்டவன் மேல் குதிரையை விட்டவனா?

1647-இல் லண்டனை ஒட்டிய பட்னி என்ற ஊரில், ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து சிப்பாய்களும் தளபதிகளும் வாதாடினார்கள். உள்நாட்டுப் போரில் அரசனைத் தோற்கடித்தாயிற்று, இனி நாட்டை யார் ஆள்வது, யாருக்கு ஓட்டு? இங்கிலாந்திலேயே பரம ஏழைக்கும் பெரிய கோமானைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, அவன் சம்மதம் இல்லாமல் அவனை ஆளக்கூடாது என்றார் ரெயின்ஸ்பரோ என்ற கர்னல். நிலபுலன் இல்லாதவனுக்கு நாட்டின் மேல் என்ன அக்கறை இருக்கும் என்று கேட்டார் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் மருமகன் அயர்டன். அயர்டன் பக்கம்தான் ஜெயித்தது. இதில் எனக்கு ரொம்ப உறுத்துவது வேறு. அந்த வாதத்தை வார்த்தைக்கு வார்த்தை குறித்து வைத்த காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியில் கிடந்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சேறின. அதனால் இனி நான் சொல்லப்போகிறவர்கள் யாருமே அதைப் படித்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முதல்படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது.

1792 ஜனவரி. லண்டனில் ஒரு மதுக்கடையில் சங்கம் ஒன்று தொடங்க ஒன்பது பேர் கூடுகிறார்கள். கூட்டியவர் தாமஸ் ஹார்டி, செருப்புத் தைப்பவர். வாரம் ஒரு பென்னி சந்தா. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது என்பதை விதியாகவே எழுதினார்கள். இப்போது படிக்க அது சாதாரணமாகத் தெரியும். அரசியல் என்பது சொத்துக்காரர்களின் சமாச்சாரமாக இருந்த காலத்தில் ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று எழுதுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அப்புறம் அவர்கள் எடுத்துக்கொண்ட விவாதப் பொருள்: கைத்தொழில்காரர்களும் கடைக்காரர்களுமான நமக்கு நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்க உரிமை இருக்கிறதா? ஐந்து இரவுகள் இதையே பேசினார்கள். கேட்பதற்கு முன், கேட்கலாமா என்று ஐந்து ராத்திரி! எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

1794-இல் ஹார்டியை ராஜத் துரோகக் குற்றத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். நிரூபணமானால் தூக்கு. அவர் சிறையில் இருக்கும்போது, கடற்படை வெற்றியைக் கொண்டாடிய கும்பல் ஒன்று அவர் வீட்டைத் தாக்கியது. உள்ளே கர்ப்பிணி மனைவி லிடியா. சில வாரத்தில் பிரசவத்தில் அவர் இறந்துபோனார், குழந்தையும் தங்கவில்லை. நவம்பரில் ஜூரி ஹார்டியை விடுவித்தது. ஜனங்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே அவரைத் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். திரும்பிப் போக அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை.

சரி, இவர்கள் எதை மாற்றச் சொன்னார்கள்? ஓல்டு சாரம் என்று ஓர் இடம். வெறும் மண்மேடு, குடியிருக்க ஆளில்லை. அதற்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள். டன்விச் என்ற துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்கும் இரண்டு. பஞ்சாலைப் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை.

அந்த மான்செஸ்டரில் 1819 ஆகஸ்ட் 16 அன்று செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் சீர்திருத்தம் கேட்டுச் சுமார் அறுபதாயிரம் பேர் கூடினார்கள். மான்செஸ்டர் துணி வந்து நம் தறிகளை முடக்கியது என்று பள்ளியில் படித்தோம். அந்த விசைத்தறி தன் ஊரைச் சுற்றியிருந்த கைத்தறிக்காரன் வயிற்றிலும் அடித்தது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. அன்று வந்தவர்களில் அந்த நெசவாளர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்து வைத்திருந்த துணியை உடுத்தி, குழந்தைகுட்டிகளோடு, பாட்டும் பட்டுக்கொடியுமாக வந்தார்கள். கலவரக் கும்பல் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில், வரிசை கலையாமல் நடக்க முன்கூட்டியே பயிற்சி எடுத்திருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் மாஜிஸ்திரேட்டுகளுக்குக் கிலி. இது ராணுவப் பயிற்சி என்றார்கள். ஒழுங்காக வராவிட்டால் கலவரம், ஒழுங்காக வந்தால் படையெடுப்பு. எப்படித்தான் வருவது?

பேச்சாளர் ஹென்றி ஹன்ட்டைக் கைது செய்ய, உள்ளூர்க் கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் சேர்ந்த தன்னார்வக் குதிரைப்படையை அனுப்பினார்கள். வாள்களை முன்பே சாணை பிடித்து வைத்திருந்தார்கள். மைதானத்துக்கு விரைந்த குதிரை ஒன்று தெருவிலேயே ஒரு தாயை இடித்தது. கையிலிருந்து விழுந்து செத்தது இரண்டு வயது வில்லியம் ஃபில்ட்ஸ். அதுதான் முதல் பலி. மொத்தம் பதினெட்டுப் பேர் என்பது இன்று பொதுவாக ஏற்கும் கணக்கு. காயம்பட்டவர்கள் அறுநூறுக்கு மேல். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்துச் சண்டை போட்டுத் திரும்பிய ஜான் லீஸ் என்பவர் இங்கே வாங்கிய அடியில் சில வாரத்தில் இறந்தார். ‘பீட்டர்லூ’ என்று பத்திரிகைகள் கிண்டலாக வைத்த பெயர் நின்றுவிட்டது. மாஜிஸ்திரேட்டுகளுக்கு இளவரசரிடமிருந்து நன்றிக் கடிதம் போனது. ஹன்ட்டுக்கு இரண்டரை வருஷம் சிறை.

1832-இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. மண்மேடுகளின் இடங்களைப் பிடுங்கி மான்செஸ்டர் போன்ற ஊர்களுக்குக் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் நகரங்களில் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் இருந்தால்தான் ஓட்டு. தெருவில் நின்று கத்தியவனுக்கு ஒன்றுமில்லை, அவன் முதலாளிக்கு ஓட்டு வந்தது. வாக்காளர் என்றால் ஆண் என்று சட்டத்தில் முதன்முறையாக எழுதிவைத்ததும் இதில்தான்.

அந்த ஏமாற்றத்தில் பிறந்ததுதான் சாசன இயக்கம், சார்ட்டிஸ்ட்டுகள். 1838-இல் மக்கள் சாசனம் வெளியானது. வயது வந்த எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினருக்குச் சம்பளம், உறுப்பினராகச் சொத்து தேவையில்லை, சம அளவுத் தொகுதிகள், வருஷா வருஷம் தேர்தல். (கடைசிக் கோரிக்கையை நம்மூர்ப் பிரச்சார ஒலிபெருக்கியோடு சேர்த்து நினைத்துப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.) பெண்கள் விட்டுப்போனதைக் கவனித்திருப்பீர்கள். வரைவில் இருந்தது, அதையும் கேட்டால் மற்றதும் தாமதமாகும் என்று எடுத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வர, நிதி திரட்ட, கையெழுத்துப் போடப் பெண்கள் வேண்டும், ஓட்டு மட்டும் அப்புறம் பார்க்கலாம். இந்தப் பாட்டு எந்த நாட்டுக்கும் பொருந்தும்போல.

1842 மே 2. முப்பத்து மூன்று லட்சம் கையெழுத்தோடு ஒரு மனுவை நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சுமந்து வந்தார்கள். ஓட்டு வைத்திருந்தவர்களைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பேர் போட்ட கையெழுத்து. ஒட்டிச் சுருட்டிய காகிதத்தின் நீளம் ஆறு மைலுக்கு மேல். வாசலில் நுழையவில்லை. உருட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் பிரித்துக் கட்டுக்கட்டாக உள்ளே தூக்கிப் போய்ச் சபையின் நடுவில் குவித்தார்கள். மறுநாள் சபை, மனுதாரர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்ற தீர்மானத்தை 287-க்கு 49 என்று தள்ளிவிட்டது.

அந்த விவாதத்தில் எதிர்த்துப் பேசியவர் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். மெக்காலே. 1834-இல் சென்னையில் வந்திறங்கி, கவர்னர் ஜெனரலைப் பார்க்க ஊட்டி வரை பல்லக்கில், ஆள்தோளில் போனவர். அடுத்த வருஷம் கல்விக் குறிப்பை எழுதியவர். அதற்கெல்லாம் முன்னால் 1832 சீர்திருத்தத்துக்கு வாதாடிப் பெயர் வாங்கியவரும் அவரே. எல்லோருக்கும் ஓட்டு என்றதும் நிறம் மாறிவிட்டது. அது நாகரிகத்தோடு ஒத்தே போகாது, சொத்து தப்பாது என்று பேசினார். நம்மைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துப் பொங்குகிறோம், பொங்க வேண்டியதுதான். தன் ஊர் நெசவாளியைப் பற்றியும் அவர் பெரிதாக வேறு மாதிரி நினைக்கவில்லை. பந்திப் பெரியவருக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

இப்போது 1848. பள்ளிப் பாடத்தில் சாசன இயக்கம் வந்தால் கடைசிப் பத்தி இந்த வருஷத்தைப் பற்றித்தான் இருக்கும், அதுவும் ஒரு நமட்டுச் சிரிப்போடு. ஏப்ரல் 10, லண்டன் கென்னிங்டன் திடல். இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓ’கானர், புது மனுவில் ஐம்பத்தேழு லட்சம் கையெழுத்து என்றார். அரசு பட்டாளத்தையும், அவசரமாகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த பல்லாயிரம் தற்காலிகப் போலீஸ்காரர்களையும் குவித்தது. நாடாளுமன்றம் இருக்கும் கரைக்கு ஊர்வலம் தேம்ஸ் பாலம் தாண்டி வரக்கூடாது என்று உத்தரவு. ஓ’கானர் கூட்டத்தைக் கலையச் சொன்னார், மனு வாடகை வண்டியில் போனது. மூன்று நாளில் நாடாளுமன்றக் குழு அறிவித்தது: உண்மையில் 19,75,496 கையெழுத்துதான். அதிலும் ‘விக்டோரியா’, ‘வெலிங்டன் பிரபு’, ‘சப்பை மூக்கன்’ என்றெல்லாம் பெயர்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. இயக்கமே அந்தச் சிரிப்பில் செத்தது என்பார்கள்.

எனக்கு அந்த எண்ணிக்கை மேல் எப்போதுமே ஒரு கண். எண்ணியவர்கள் பதின்மூன்று குமாஸ்தாக்கள், பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று குழுவே சொன்னது. கைபேசியில் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். தேநீர் குடிக்காமல், கண் இமைக்காமல் எண்ணினாலும் ஒவ்வொருவரும் வினாடிக்கு இரண்டரைக் கையெழுத்து. பலரும் பலவிதமாகக் கிறுக்கிய, மழையும் பிசினும் பட்ட காகிதத்தில்! எண்ணிக்கையோடு போலி எது, ஒரே கையால் எழுதியது எது, பெண் எத்தனை என்றும் பிரித்தார்களாம். லட்சத்துக்கு 8,200 பெண்கள் என்பதையும் ஒரு குறையாகவே வாசித்தார்கள்.

ஓ’கானர் சொன்ன ஐம்பத்தேழு லட்சத்தை நான் நம்பவில்லை. அவர் வாய்ச்சவடால் பேர்வழி, இயக்கத்துக்குப் பாதிக் கேடு அவரால்தான். ஆனால் ஒரே கையெழுத்தில் பல பெயர் இருந்தது என்பதற்குச் சிரிக்க என்ன இருக்கிறது? எழுதத் தெரியாதவருக்காகப் பக்கத்தில் இருந்தவர் எழுதியிருப்பார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்த யாருக்கும் இது புரியும். அப்போது ஓட்டே பகிரங்கமாகத்தான் போட வேண்டும், மேடையேறி வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று அச்சடித்தே விற்றார்கள். முதலாளி கண்ணில் பட்டால் வேலை போகும் என்ற ஊரில் ஒருவன் ‘சப்பை மூக்கன்’ என்று எழுதியது குறும்பா, பயமா என்று அந்தக் குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

அன்று ஊர்வல ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் வில்லியம் கஃபி. தையல்காரர். ஐந்தடிகூட உயரமில்லை. அவர் தகப்பனார் செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாக இருந்தவர். கஃபி 1834-இல் தையல்காரர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததால் வேலையை இழந்தவர். ஓ’கானர் பின்வாங்கியதும் கஃபிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தக் கோடையில் ஓர் உளவாளியின் சாட்சியத்தை வைத்து, ஆயுதக் கலகத்துக்குத் திட்டமிட்டதாக அவரைப் பிடித்து, அறுபது வயதில் ஆயுள் தண்டனையாக டாஸ்மேனியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். 1856-இல் மன்னிப்பு கிடைத்தும் அவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே துணி தைத்துக்கொண்டு, தொழிலாளர் சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தார்.

ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872-இல் வந்தது. ஆகஸ்ட் 15 அன்று யார்க்ஷயரில் பான்டிஃப்ராக்ட் என்ற சிற்றூரில் இடைத்தேர்தல், முதல் ரகசிய ஓட்டு அங்கேதான். பெட்டியை அரக்கு வைத்து மூட முத்திரை வேண்டுமே. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. மிட்டாய்த் தொழிற்சாலையிலிருந்து அச்சை வாங்கி வந்து, கோட்டையும் ஆந்தையும் போட்ட அந்த முத்திரையைக் குத்தினார்கள். பெட்டி இன்னும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அரக்கோடு. கஃபி அதற்கு இரண்டு வருஷம் முன்பு, டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் கதியற்ற முதியவர்களை வைத்திருந்த அரசு விடுதியில் இறந்துபோயிருந்தார்.