ஏரிதானே என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைக்காதீர்கள்

'ஏரியில் அலை இல்லை. நீந்தத் தெரிந்தவர் சிறு படகில் மீன் பிடிக்கப் போகும்போது உயிர்காப்பு அங்கி வேண்டாம், படகில் கிடந்தால் போதும்' என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

ஏரி நீர் உடலைக் கடல் நீரைவிடக் குறைவாகவே தாங்கும். ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை சுமார் 1000 கிலோ. கடல் நீர் சுமார் 1025 கிலோ. அலை இல்லை என்பதும் சரியல்ல. ஆழம் குறைந்த ஏரியில் காற்று கிளம்பினால் குட்டையான, செங்குத்தான அலைகள் வெகு விரைவில் எழும். தூண்டிலில் சிக்கிய மீனை இழுக்க ஒருவர் எழுந்து நின்றாலே சிறு படகு சாய்ந்துவிடும்.

நீச்சல் காப்பாற்றும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான நீரில் திடீரென விழுந்தால் உடல் தன்னிச்சையாக மூச்சை உள்ளிழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு கட்டுக்குள் வராது. அடுத்த சில நிமிடங்களில் கைகால்கள் வலுவிழக்கும். தேர்ந்த நீச்சல்காரருக்கும் இதே கதிதான். அந்த நிலையில், மிதந்து போகும் அங்கியைத் தேடிப் பிடித்து வார் மாட்டுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அங்கியைக் கரையிலேயே அணிந்து, வார்களை இறுக்குங்கள். படகு கவிழ்ந்தால் கரை பக்கம்தான் என்று நீந்தக் கிளம்பாமல் படகையே பற்றியிருங்கள். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும், தேடுவோர் கண்ணிலும் எளிதில் படும்.