ஃபைலில் ஏறும் ஒரு வரி

வேறு பண்பாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு சிகிச்சை கொடுக்க எதைப் படிக்க வேண்டும் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். படிக்க நிறையவே இருக்கிறது. ஆனால் இத்தனை காலம் உளசிகிச்சையாளராக இருந்த பிறகு நான் முதலில் சொல்வது, நீங்கள் எழுதிய கேஸ் குறிப்புகளை எடுத்துத் திரும்பப் படியுங்கள் என்பதைத்தான்.

"ஒத்துழைப்பு இல்லை", "முகம் பார்த்துப் பேசவில்லை", "சந்தேக குணம்". இப்படி ஒரு வரி ஃபைலில் ஏறிவிட்டால் போதும், அந்த மனிதர் அடுத்த மருத்துவரைப் பார்க்கும் முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அகதியாக வந்த ஒருவரை யோசித்துப் பாருங்கள். அதிகாரிகள் அவரிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். ஒரு தேதி மாறினாலும் பொய் என்றிருப்பார்கள். இப்போது நானும் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெயர், தேதி, என்ன நடந்தது என்று ஆரம்பித்தால் அவர் எப்படிப் பேசுவார்? கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். அடிபட்டு அறிந்தவரின் எச்சரிக்கை அது. ஃபைலிலும் அப்படித்தான் எழுத வேண்டும். எழுதியதை அவருக்கே படித்தும் காட்ட வேண்டும். நான் படித்துக் காட்டுகிறேன். "இல்லை, அது அப்படி இல்லை" என்று அவர் என்னைத் திருத்தும் நாளில்தான் சிகிச்சை தொடங்கியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வரிக்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே 'டிரபெட்டோமேனியா' என்ற மனநோயாக எழுதிவைத்தார். தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க 1973 ஆனது, உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆனது. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு மனச்சிதைவு என்று எழுதி மருத்துவமனையில் அடைத்தார்கள். எல்லாமே நன்றாகப் படித்தவர்கள் எழுதியவை.

நான் இன்றும் திரும்பிப் போவது ஃபிரான்ஸ் ஃபனோன் என்ற மனநல மருத்துவரிடம். 1953இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டம், விழா, பத்திரிகை என்று அவர் கொண்டுவந்த குழு சிகிச்சை ஐரோப்பியப் பெண் நோயாளிகளிடம் நன்றாக வேலை செய்தது. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களிடம் துளியும் எடுபடவில்லை. அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ சிகிச்சையை மாற்றினார். அவர்களுக்குப் பழக்கமான காபிக்கடை, அவர்களுடைய பண்டிகைகள், ஊர் ஊராகப் போகும் கதைசொல்லி எல்லாம் மருத்துவமனைக்குள் வந்தன. காலனிய ஆட்சியே மனிதரைச் சிதைக்கும்போது அதன் மருத்துவமனையில் இருந்துகொண்டு குணப்படுத்த முடியாது என்று 1956இல் ராஜினாமாவும் செய்தார்.

"சிகிச்சை அறைக்குள் அரசியல் எதற்கு?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலையிடத்தில் தினமும் இழிவுபடுத்தப்படும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவதும் ஒரு அரசியல்தான். அதே சமயம், தாயை இழந்த துக்கத்தில் வந்தவரிடம் நம் கொள்கையைப் பேசிக்கொண்டிருப்பது அநியாயம். அவருக்கு எது வலிக்கிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில் இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று இருக்கிறது. உங்கள் பிரச்சினையை நீங்கள் எப்படி விளக்குவீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதுவரை யாரிடம் உதவி கேட்டீர்கள் என்று போகும். அருமையான கேள்விகள். ஆனால் அவசரப்படுத்தாமல் கேட்க நேரம் வேண்டுமே!

அதனால் இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, நேர்முகத் தேர்வில் நீங்களும் கேளுங்கள். ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் தருவீர்கள்? மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா, அல்லது அம்மாவுக்கு நடந்த கொடுமையை அவள் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பீர்களா? நான் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவள் என்பதற்காகக் கடினமான கேஸ்களை எல்லாம் அதே சம்பளத்தில் என் தலையில் கட்டுவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால், அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.