பெல்ட்டை மாற்றியவர்கள் பம்பை மட்டும் ஏன் விட்டார்கள்?

"பாஸ், வாட்டர் பம்ப் லீக். டைமிங் பெல்ட்டும் நனைஞ்சிருச்சு. ரெண்டும் மாத்தணும். லேபர் தனியா வரும்."

இன்று காலை வந்த வாட்ஸ்அப் செய்தி. அனுப்பியது வேறு யாருமில்லை. சில மாதங்களுக்கு முன்னால் இதே காருக்கு இதே டைமிங் பெல்ட்டை மாற்றித் தந்து ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்ட அதே ஒர்க்‌ஷாப். ஒரு வருத்தம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. ஏதோ முதல் தடவையாக என் காரைப் பார்ப்பது மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்ததுமே உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். மற்றவர்களுக்காக ஒரு வரி: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் சுழல வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட்; இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவத்தை ஓட விடுவது வாட்டர் பம்ப். பெல்ட் மாற்றும்போது பம்பையும் சேர்த்து மாற்றுவதுதான் வேலை. அது கூடுதல் சேவை இல்லை, சலுகை இல்லை, அரிதான அறிவும் இல்லை. கேட்ஸ், கான்டினென்டல், ஐஎன்ஏ எல்லோரும் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், உருளைகள், வாட்டர் பம்ப் என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பெல்ட் செய்கிறவனுக்கே தெரிந்திருக்கிறது. அதைப் பூட்டுகிறவனுக்கு மட்டும் தெரியாதா?

நான் சொல்லாமலும் விடவில்லை. காரை விடுவதற்கு முன்பே எழுதி அனுப்பினேன்: பெல்ட், டென்ஷனர், உருளை, வாட்டர் பம்ப், புது கூலன்ட், எல்லாம் ஒன்றாக. பதில் வந்தது: "ஓகே பாஸ்." கூடவே ஒரு கட்டைவிரல். காரை எடுக்கப் போனபோதும் நேரில் கேட்டேன், "பம்ப் மாத்தியாச்சா?" "எல்லாம் புதுசு பாஸ்." பழைய பாகங்களைக் காட்டுங்கள் என்றேன். குப்பை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டதாம்.

போன வாரம் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில், பிஐஇ விரைவுச்சாலையில் கூலன்ட் விளக்கு சிவப்பாக மின்னியது. கார் நிற்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். ஓரமாக வெளியேறி ஒரு கார்பார்க்கில் நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் அந்த இனிப்பு வாடை. கூலன்ட் ஒழுகினால் வருமே, அதேதான். பெல்ட் மூடிக்குக் கீழே இளஞ்சிவப்பாகக் காய்ந்து படிந்திருந்தது. ஒரே நாளில் படிந்த அழுக்கு இல்லை அது. நாள்கணக்கில் கசிந்து காய்ந்து, மறுபடி கசிந்திருக்கிறது. அம்மா வெயிலில் நின்றுகொண்டு, "என்னய்யா, இப்பத்தானே அவ்வளவு செலவு பண்ணே?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

இந்த வேலையில் எது கஷ்டம், எது சுலபம் என்று பாருங்கள். என் கார் மாதிரி இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் வண்டியில் முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து அந்தப் பக்கத்து மவுன்டிங்கைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் புல்லி, பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் வெளியே வர வேண்டும். கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றும் இம்மி நகராதபடி அதற்கென்று உள்ள பின்களைச் சொருகிப் பூட்ட வேண்டும். மணிக்கணக்கான வேலை, ஒப்புக்கொள்கிறேன். நான் கொடுத்த காசில் பெரும்பகுதி இந்தப் பிரிக்கிற கூலிக்குத்தான் போனது. இவ்வளவையும் பிரித்துப் போட்ட பிறகு வாட்டர் பம்ப் எங்கே இருக்கிறது? கண்ணுக்கு நேரே! அதே பெல்ட்தான் அதையும் சுழற்றுகிறது. சில போல்ட்டுகளைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டியதுதான் பாக்கி. வீட்டில் குளியலறைத் தரையை முழுக்க உடைத்துவிட்டு, துருப்பிடித்த பழைய குழாயை அப்படியே விட்டு மேலே புது டைல் ஒட்டுவானா ஒருவன்? ஒட்டியிருக்கிறார்கள்.

கவுண்டரில் இருந்த ஆளிடம் இதைக் கேட்டேன். அந்த உரையாடலை நினைக்க நினைக்கக் கொதிக்கிறது. அதனால் முழுதாகவே சொல்கிறேன்.

"பம்ப் ஏன் மாத்தலை?"

"அப்போ லீக் இல்லை பாஸ்."

"பெல்ட்கூட அப்போ அறுந்து போகலை. அதை ஏன் மாத்தினீங்க?"

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு, "பெல்ட்டுக்கு வருஷக் கணக்கு இருக்கு பாஸ். பம்புக்கு அப்படி இல்லை."

"பம்புக்குள்ளயும் பேரிங் இருக்கு, சீல் இருக்கு. அதுக்கு வயசாகாதா?"

"உங்க மைலேஜ் கம்மி பாஸ்."

மைலேஜ் கம்மியா? இந்தத் தீவில் எவன் கார்தான் ஓயாமல் ஓடுகிறது? சாயங்காலம் சிடிஇ விரைவுச்சாலையில் ஊர்ந்து போகிறோம், பள்ளி விடுமுறையில் மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் மணிக்கணக்கில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம். கிலோமீட்டர் ஏறவில்லை என்பதற்காக இன்ஜின் ஓடவில்லை என்று அர்த்தமா? நிற்கிற காரிலும் பெல்ட் சுற்றுகிறது, பம்ப் சுற்றுகிறது. சூடும் குறையவில்லை. ரப்பரும் சீலும் கிலோமீட்டருக்கு மட்டுமா தேய்கின்றன, வருஷத்துக்கும் சேர்த்துத்தான் கெடுகின்றன. இதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. காசு கொடுத்தது நான்!

என் கைபேசியில் இருந்த செய்தியைக் காட்டினேன். வாட்டர் பம்ப் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே அவருடைய "ஓகே பாஸ்". படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது கொட்டேஷன்ல இல்லை பாஸ்."

"கொட்டேஷன் போட்டது யாரு?"

"நாங்கதான்."

"அப்ப சேர்க்க வேண்டியது யாரு?"

அதற்குப் பதில் இல்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை அடியோடு உலுக்கியது. குரலைத் தாழ்த்தி, எனக்கு நல்லது சொல்கிறவர் மாதிரி, "பாஸ், சிஓஇ முடிஞ்சா ஸ்கிராப்தானே. எதுக்கு அதிகம் செலவு பண்றீங்க?"

சிஓஇ என்பது இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய 10 வருஷ உரிமைச் சான்றிதழ். இதுதான் உண்மையான காரணம். கார் எப்படியும் சாகப் போகிறது, ஒப்பேற்றினால் போதும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். என் காரின் ஆயுளை முடிவு செய்ய இவர்கள் யார்? 10 வருஷம் முடிந்ததும் சிஓஇ-யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்து அதற்கான தொகையை முழுசாகக் கட்டியிருக்கிறேன். இந்த 5 வருஷம் முடிந்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, தெரியும். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் எனக்கு முக்கியம். 10 வருஷம் தாண்டிய காருக்குச் சாலை வரி முதலில் 10 விழுக்காடு கூடுகிறது, பிறகு வருஷா வருஷம் ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கிறது. டீசல் என்பதால் சிறப்பு வரி வேறு. 2017-ல் லிட்டருக்கு 10 காசு டீசல் தீர்வை வந்தது, 2019-ல் அது 20 காசானது. காரின் தகுதிச் சோதனைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போனது போய் இப்போது ஒவ்வொரு வருஷமும் போகிறேன். இத்தனையும் கட்டுவது கார் ஓட வேண்டும் என்பதற்காக. 2025 ஜனவரி 1 முதல் புது டீசல் காரை இங்கே பதிவு செய்யவே முடியாது. அதனால் ஏற்கெனவே ஓடுகிற டீசல் காரை அலட்சியமாகப் பார்க்கலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

பம்ப் கசிந்தால் என்ன, கூலன்ட்தானே, ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கூலன்ட் தரையில் மட்டும் விழுவதில்லை, பெல்ட்டிலும் விழுகிறது. நனைந்த ரப்பரை நம்ப முடியாது. பல் நழுவலாம், அறுந்தும் போகலாம். இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது கேம் அதில் சரிபாதி, 1,000 சுற்று. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறக்குறைய 17 தடவை திறந்து மூடுகிறது. டீசல் இன்ஜினில் காற்றை அவ்வளவு நெருக்கி அமுக்க வேண்டியிருப்பதால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் மேலே மூடியிருக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவில் இடமே கிடையாது. பெல்ட் போனால் திறந்திருக்கும் வால்வுமேல் பிஸ்டன் போய் மோதும். வால்வு வளையும். அதோடு இன்ஜினே முடிந்தது. மெதுவாகச் சாகிற நோய் இல்லை இது. விரைவுச்சாலையில் அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போகும்போது ஒரே நொடியில் நடக்கிற காரியம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி வந்து பக்கத்துக் கார்பார்க் வரை இலவசமாக இழுத்து விடும். வளைந்த வால்வை யார் நிமிர்த்துவார்கள்?

கவுண்டரில் நான் கத்திக்கொண்டிருந்ததை உள்ளே லிஃப்ட்டுக்கு அடியில் நின்ற மெக்கானிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிற தமிழர். நான் வெளியே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். "அண்ணே, நான் அன்னிக்கே பம்ப் மாத்தணும்னுதான் சொன்னேன். ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டா வண்டி நின்னுரும், அடுத்த வண்டி காத்திருக்குன்னு போட்டு மூடச் சொல்லிட்டாங்க. மனசு கேக்கலை அண்ணே." அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் எல்லாம் மறுபடி அதனதன் இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்காமல் மூட மாட்டாராம். அப்படி வேலை தெரிந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் இந்த வேலை நடந்திருக்கிறது! அவருக்கு வேண்டிய பம்பை வாங்கித் தர ஒரு நாள் பொறுக்க முடியவில்லை மேலே இருப்பவர்களுக்கு. ஒரே ஒரு நாள்!

இப்போது என்ன ஆகிறது? நல்லாயிருந்த புது பெல்ட் குப்பைக்குப் போகிறது. புது கூலன்ட் தரையில் போயிற்று. ஒரு தடவை இழுத்து முறுக்கியதைத் திரும்பப் போடக் கூடாத போல்ட்டுகள் மறுபடி புதிதாக வாங்க வேண்டும். கூலி மறுபடி. அன்றைக்கு மாற்றியிருந்தால் பம்பின் விலை மட்டும்தான்.

நான் கட்டப் போவதில்லை. அதை இன்று எழுதி அனுப்பிவிட்டேன். பம்பின் விலையைத் தருகிறேன், அது நான் அன்றைக்கே தருவதாக இருந்த காசு. பெல்ட்டுக்கும் கூலன்ட்டுக்கும் கூலிக்கும் ஒரு காசு கிடையாது. ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன், அதற்கு மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டாம், வைக்கவும் முடியாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் செய்தி, கட்டைவிரல், பில், இளஞ்சிவப்புக் கறையின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது இந்த வேலைக்குக் காரை விடப் போகிறீர்கள் என்றால் கொட்டேஷனில் பம்ப் தனி வரியாக, பிராண்ட் பெயரோடு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்கிற இடத்தில் விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் என் வானொலியை யார் மாற்றுகிறார்கள்? காலையில் ஒலி 96.8-ல் வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் சாவியைத் திருகினால் வேறு ஏதோ ஸ்டேஷன், முழுச் சத்தத்தில் அலறுகிறது. பேட்டரியைக் கழற்றினால் அப்படித்தான் என்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் ஸ்டேஷன் மறந்து போகலாம், சத்தத்தைக் கூட்டி வைக்குமா? சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவைக்குமா? என் அம்மா அந்த வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டுதான் வருவார். கண் சரியாகத் தெரியாது, அவரால் தேடிப் போட முடியாது. பெல்ட் மாற்ற வானொலி எதற்கு? அதைத் தொடாதீர்கள்.