ஒற்றைக்காலில் நிற்க முடியாவிட்டால் மனச்சோர்வா?

வெள்ளவத்தைப் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பிள்ளை கண்ணை மூடி 10 விநாடி ஒற்றைக்காலில் நிற்காவிட்டால் அது மனச்சோர்வு." இது பொய்.

அந்த 10 விநாடி, 2022இல் வெளிவந்த பிரேசில் ஆய்வொன்றிலிருந்து பிடுங்கியது போலிருக்கிறது. அதில் நின்றவர்கள் 51 முதல் 75 வயதுக்காரர்கள். ஆராய்ந்தது ஆயுளை, மனதை அல்ல.

சமநிலையைக் காப்பவை உட்காது, கண், தசை மூட்டுகளின் உணர்வு. கண்ணை மூடினாலே ஒன்று போய்விடும். நம்பாவிட்டால் நீங்களே நின்று பாருங்கள்! 13, 14 வயதில் கால் கிடுகிடுவென வளரும்போது கொஞ்சக் காலம் தடுமாறுவதும் சகஜம்.

சரி, சமநிலைக்கும் மனதுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. உட்காதின் சமிக்ஞைகள் போகும் பாதைகள் மூளையில் பதற்றத்தோடு சம்பந்தப்பட்ட இடங்களையும் தொடுகின்றன. தலைச்சுற்றும் பதற்றமும் அடிக்கடி சேர்ந்து வர அதுவும் ஒரு காரணம். அதை வைத்து வீட்டு ஹோலில் நோய் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் வாட்டம், தூக்கமின்மை, பிடித்த கிரிக்கெட்டிலும் நாட்டமில்லை என்றால் கவனியுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம். அடிக்கடி விழுகிற பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.