பத்தாம் நம்பர் ஸ்பானர்

பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று போதும். காரில் வெல்டிங் அடிப்பதற்கு முன்னால் பேட்டரியின் மைனஸ் டெர்மினல் நட்டை லூஸ் பண்ணி, ஒயரைத் தூக்கி ஓரமாக வைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிஷத்தைக் கொடுக்க மனசு வராத ஒரு பட்டறையால் எனக்கு ஒன்பது நாள் போச்சு. வயிறு எரிகிறது.

சைலன்சரைத் தாங்குகிற பிராக்கெட் அடிபட்டு, பாடியிலிருந்து பிய்ந்து தொங்கியது. சின்ன வேலை. பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் வண்டியை விட்டேன். விட்டதுமே சொன்னேன், “அண்ணா, பேட்டரியைக் கழட்டிட்டு அடிங்க, கம்ப்யூட்டர் வண்டி.” அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார். முப்பது வருஷமா அடிச்சினு இருக்கேன்.”

இந்த முப்பது வருஷக் கதையை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இவர் அடித்ததெல்லாம் கார்புரேட்டர் வண்டி. அம்பாசிடரில் எரிந்துபோக என்ன கம்ப்யூட்டர் இருந்தது? 2000ஆம் வருஷத்துப் புகை விதிகளுக்குப் பிறகு பெட்ரோல் காரில் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியு வந்தாச்சு, ஏர்பேக் வந்தாச்சு. வண்டி மாறியது தெரிந்துதானே காசு வாங்குகிறீர்கள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வெல்டிங் மெஷின் வண்டிக்கு முன்னால் நின்றது. மெஷினுக்குக் கரண்ட் திரும்பி வருகிற எர்த் ஒயர் பின்னால்வரை எட்டவில்லை. மெஷினை நகர்த்த வேண்டியதுதானே? பானெட்டைத் திறந்து, பெயிண்ட் இல்லாத இரும்பு எங்கே என்று பார்த்து, இன்ஜினைத் தூக்குகிற கொக்கியிலேயே கிளாம்பைக் கடிக்க வைத்தார். அடிக்கப்போவது பாடியில், எர்த் இன்ஜினில். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அப்போது நூறு ஆம்பியர் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்? பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டை வழியாக, அது போதாவிட்டால் சென்சாருக்கும் இசியுவுக்கும் போகிற மெல்லிய எர்த் ஒயர்கள் வழியாக. “அண்ணா, கிளாம்பை வெல்டிங் பண்ற இடத்துக்குப் பக்கத்துல போடுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அதைவிடக் கொடுமை, அவருடைய பையன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்க்கிறேன். ராடு தொட்டதும் மீட்டர் போர்டில் அத்தனை விளக்கும் ஒன்றாக மின்னியது. இன்ஜினே ஓடாத வண்டியில் ஆர்.பி.எம். முள் பூஜ்யத்திலிருந்து ஒரு துள்ளு துள்ளி விழுந்தது. பாட்டு கிர்ர் என்று அறுந்து அறுந்து வந்தது. மறுபடி ராடு தொட்டது, மறுபடி முள் துள்ளியது. நான் கத்தினேன். அடியிலிருந்து குரல் வருகிறது, “இதோ முடிஞ்சிது சார், ரெண்டே டச்சு.” ராடு தொடுவதற்கு முன்னால் அந்த மெஷின் முனையில் அறுபது எழுபது வோல்ட் நிற்கும். என் வண்டியின் இசியுவோ பன்னிரண்டு, பதினாலு வோல்ட்டுக்குச் செய்த பெட்டி. உள்ளே ஐந்து வோல்ட்டில் ஓடுகிற சிப். என் நெஞ்சு அந்த முள்ளோடு சேர்ந்து துள்ளியது.

ஸ்டார்ட் பண்ணினால் வண்டி நடுங்குகிறது. முள் அறுநூறுக்கு இறங்குகிறது, ஆயிரத்து இருநூறுக்கு ஏறுகிறது, செக் இன்ஜின் லைட் அணையவே இல்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “பெட்ரோல்ல தண்ணி இருக்கும் சார்.” காலையில் பெட்ரோல் நன்றாகத்தானே எரிந்தது!

அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. கிரீன் சர்க்கிளில் வண்டி மூன்று முறை ஆஃப். பின்னால் பஸ் ஹாரன், உள்ளே ஏ.சி. போட முடியாத வேலூர் வெயில், பக்கத்தில் எழுபத்தாறு வயசு அப்பா வேர்த்து வழிந்துகொண்டு “பரவால்லடா, மெதுவா போ” என்கிறார். அந்தப் பரவாயில்லைதான் இன்னும் ஆறவில்லை.

தோட்டப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய்தான் காப்பாற்றினார். ஸ்கேனர் போடுவதற்கு முன்னால் அந்த எர்த் பட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பின்னிய செம்பு கறுத்துப்போய், வளைத்தால் குச்சி மாதிரி முறிகிறது. இசியு போயிருந்தால் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். போகவில்லை, புண்ணியம். பட்டை கிடைக்கவே நாலு நாள் ஆச்சு. அப்புறம் எர்த் பாயின்ட் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்ஜினுக்குக் காற்று விடுகிற த்ராட்டில் பாடியில் அடைந்திருந்த கரியைச் சுத்தம் பண்ணி, இசியு பதிந்துவைத்திருந்த பழைய கோளாறுக் குறியீடுகளை ஸ்கேனரில் அழித்தார்.

அதற்குப் பிறகும் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடுகிற ஓட்டம், உடனே சீராகாது. இதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாதிரி வேலைக்காகப் பேட்டரியைக் கழற்றினால் இசியு இத்தனை வருஷமாகக் கற்றுவைத்திருந்த காற்று, பெட்ரோல் கணக்கை மறந்துவிடும். த்ராட்டிலில் கரி ஏறியிருந்தால் அதற்கு ஏற்ப அது வைத்திருந்த சரிக்கட்டலும் போய்விடும். அதனால் கொஞ்ச நேரம் தடுமாறத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். என் வண்டிக்குப் பாய் செய்தது இது: ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை சும்மா ஓடவிட்டார். பிறகு ஏ.சி.யைப் போட்டுக் கொஞ்ச நேரம், ஹெட்லைட்டும் போட்டுக் கொஞ்ச நேரம். அப்புறம் என்னை ஆற்காடு வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார், ஒரே வேகத்தில் போகாமல். ரத்தினகிரி தாண்டும்போது முள் அசையாமல் நின்றது. மாடலுக்கு மாடல் முறை மாறும், உங்கள் வண்டிக்கு எது என்று கேட்டுச் செய்யுங்கள்.

இந்தத் தடுமாற்றத்தைத்தான் பட்டறைக்காரர்கள் சாக்காக வைத்திருக்கிறார்கள். “பேட்டரி கழட்டினா வண்டி ஐடிலிங் போயிடும் சார், அதான் கழட்டல.” கொஞ்ச நேரத்தில் சரியாகிற மறதிக்குப் பயந்து இசியுவையே எரிப்பீர்களா? முதலில் மைனஸைக் கழற்றுங்கள். ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால் சில நிமிஷம் காத்திருங்கள். முடிந்தால் இசியு பிளக்கையும் பிடுங்குங்கள். எர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தேய்த்த இரும்பில் போடுங்கள். இதற்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேளுங்கள், கொடுக்கிறோம்! நூறே கேளுங்கள்!

ஒன்பதாம் நாள் வண்டி பட்டுப்போல ஓடி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில், வண்டிக்கு அடியில், மறுபடி அந்தச் சத்தம். டக். அந்த பிராக்கெட்டை முதலில் உடைத்ததே அங்கே இருக்கிற வேகத்தடைதான். பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் சரிவாகப் போட வேண்டும் என்று, சாலைகளுக்கு வழிமுறை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லேயே எழுதியிருந்தது. இது ஒரு முழ அகலத்துக்கு மண்மேடு மாதிரி நிற்கிறது. வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை, மேலே விளக்கும் இல்லை. இதை யார் போட்டது, யாரிடம் போய்க் கேட்பது?